நடுவில் இருப்பதும் வழியில் இருப்பதும்

எவரிடமிருந்து புறப்பட்டால் ஒரு செய்தியோ நோயோ மிகப் பலரை எட்டும்? நிறைய ஆட்களைத் தெரிந்தவரிடமிருந்து என்றுதான் யாரும் சொல்வர். அது போதாது என்று காட்டியது, 2010ஆம் ஆண்டில் 'நேச்சர் பிசிக்ஸ்' இதழில் கிட்சாக், ஹாவ்லின், ஸ்டான்லி, மாக்சே முதலியோர் எழுதிய ஆய்வுரை.

அவர்களுடைய முறை வெங்காயம் உரிப்பதைப் போன்றது. வலைப்பின்னலில் ஒரே இணைப்புள்ள கணுக்களை முதலில் நீக்க வேண்டும். நீக்கியபின் வேறு சில கணுக்கள் ஒற்றை இணைப்புடன் நிற்கும். அவற்றையும் நீக்க வேண்டும். அடுத்து இரண்டு இணைப்புள்ளவை, பிறகு மூன்று. கடைசி வரை உதிராமல் நிற்பதே உள்ளகம். ஓரத்தில் இருப்பவருக்கு நூறு நண்பர்கள் இருந்தாலும், உள்ளகத்தில் இருப்பவரே அதிகம் பரப்புவார் என்பது அவர்களுடைய முடிவு. மின்னஞ்சல் தொடர்புகளிலும் மருத்துவமனை நோயாளிகளின் தொடர்புகளிலும் இதைச் சோதித்துப் பார்த்தனர். எண்ணிக்கையைவிட இடமே பெரிது என்று காட்டியது சிறப்பே. உள்ளகத்தினர் ஒருவருக்கொருவர் அண்டையில் இருப்பதால், பலரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் விலகியிருக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டனர்.

ஆயினும் ஒரு குறை உண்டு. நம் பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தைப் பாருங்கள். 1751ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 'வால்கொண்டா' போர் இவ்வூரின் பெயரால் வழங்குவது. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி நடந்தது. இது பெருநகரம் அன்று. ஆனால் திருச்சிக்குச் செல்லும் வழி இதன் பக்கமாகப் போயிற்று. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டே இணைப்புள்ள இத்தகைய கணு, உரிக்கும் முறையில் தொடக்கத்திலேயே உதிர்ந்துவிடும். படை நடத்தியவர்களோ அதைத்தான் பிடிக்க விரும்பினர்! இரு கூட்டங்களுக்கு இடையே கிடக்கும் வழியை அளக்க ஃப்ரீமன் 1977இலேயே வேறோர் அளவையை வகுத்திருந்தார். பரப்புவதற்கு ஏற்ற கணு வேறு, தடுப்பதற்கு ஏற்ற கணு வேறு. தடுப்பூசி சிலருக்கே கிடைக்கும்போது உள்ளகத்தை மட்டும் காத்தால், இடைவழியில் நோய் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இன்னொரு தடை: உரிப்பதற்கு வலைப்பின்னலின் முழுப் படமும் வேண்டும். எந்தக் கிராமத்திற்கு அப்படம் இருக்கிறது? 2019இல் பானர்ஜி, சந்திரசேகர், டுஃப்லோ, ஜாக்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு எளிய வழியைக் காட்டியது. கர்நாடகத்தின் 213 கிராமங்களில், பரிசு பற்றிய ஒரு செய்தியைச் சிலரிடம் மட்டும் சொல்லிவைத்தனர். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன இடங்களைவிட, "செய்தியை நன்றாகப் பரப்புபவர் யார்?" என்று ஊராரையே கேட்டு, அவர்கள் காட்டியவரிடம் சொன்ன இடங்களிலிருந்து அதிகத் தொலைபேசி அழைப்புகள் வந்தன.

ஆகவே, செல்வாக்குள்ள கணு எது என்று கேட்குமுன், எதற்கான செல்வாக்கு என்று கேட்பதே முறை. அக்கேள்விக்கு 2010ஆம் ஆண்டு ஆய்வுரை பாதி விடைதான் தருகிறது.