உபரி என்னும் சொல்

வளரும் நாடுகளின் பொருளாதாரம் குறித்துக் கூடும் கருத்தரங்குகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் கட்டுரை ஒன்று உண்டு. வரம்பற்ற உழைப்பு அளிப்பைக் கொண்டு வளர்ச்சி காண்பது பற்றி ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதியது அது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த செயின்ட் லூசியா தீவில் பிறந்து, 1979இல் நோபல் பரிசு பெற்றவர் லூயிஸ். வறுமையை அறிந்தவர், ஆகவே மதிப்புடன் வாசிக்கத் தக்கவர்.

அவரது வாதம் எளியது. கிராமங்களில் தேவைக்கு மிஞ்சிய உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதி வெளியேறினாலும் விளைச்சல் குறையாது. கிராம வருவாயைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் கூலி தந்தால் ஆலைகளுக்கு ஆள் கிடைக்கும். உபரி தீரும்வரை கூலி உயராது. இலாபமோ மீண்டும் முதலீடாகி வளர்ச்சியைப் பெருக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில், பணி முறை மாறும் வேளையில் ஆலை வாயிலருகே நிற்பவர்க்கு இவ்வாதம் மெய்யென்றே தோன்றும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். ஒருவர் விலகினால் அவ்விடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

ஆயினும் கட்டுரை இப்பயணத்தை ஒருவழிப் பாதையாகவே காண்கிறது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இம்மக்கள் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை வழியே ஆந்திர எல்லையை நோக்கி மூட்டை முடிச்சுகளுடன் நடந்தார்கள். ஆலைகள் மூடியபோது அவர்களை ஏற்றுக்கொண்டது உபரியென அவர்களை வெளியே அனுப்பிய அதே கிராமம்தான். பிள்ளைகளை வளர்ப்பதும், நோயுற்றுத் திரும்புவோரைத் தாங்குவதும் அக்கிராமமே. அந்தச் செலவு எந்த ஆலையின் கணக்கேட்டிலும் இல்லை. லூயிஸின் கணக்கிலும் இல்லை.

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலும் உபரி உழைப்பாளர் வருகின்றனர். மாலைவரை எவரும் வேலைக்கு அழைக்காததால் சந்தைவெளியில் நின்றவர்கள் அவர்கள். திராட்சைத் தோட்ட உரிமையாளர் அவர்களுக்கும் ஒரு நாளின் முழுக் கூலியைத் தந்தார். ஆள் மலிந்து கிடந்ததைக் கொண்டு அவர் கூலியைக் குறைக்கவில்லை. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில், முதலைவிட உழைப்பே முதன்மையானது, உழைப்பின் மையம் உழைக்கும் மனிதரே எனப் போதித்ததும் இதே நெறியில்தான்.

பொருளியலார் அளக்கட்டும், அளக்காமல் நீதி வழங்க இயலாது. ஆனால் அளக்கும்போது, திரும்பி நடந்த அந்தப் பாதையையும் சேர்த்து அளக்கட்டும். இறைவனின் பார்வையில் உபரி மனிதர் எவருமில்லர்.