மருதமுனைச் சாறன்

மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்குப் போகிறவர்களுக்குக் கல்முனை என்றால் வெயில், நெரிசல், கடைத்தெரு. வான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்துவிடுவார்கள். கிட்டங்கிக்கு அப்பால் எங்கள் சொறிக்கல்முனையோ, திருச்சிலுவைத் திருவிழாவுக்கு மட்டும் அவர்கள் நினைவுக்கு வரும் ஊர். போகட்டும்.

எங்கள் வட்டாரத்தின் பெருமையைக் காட்ட, கல்முனைக்குச் சற்று வடக்கே உள்ள மருதமுனையின் கைத்தறிச் சாறன் ஒன்றே போதும். வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்: பாவு நூலின் நிறமும் ஊடை நூலின் நிறமும் குறுக்கிடும் கட்டத்தில் மூன்றாவது நிறமொன்று தெரியும். சாயமிட்டு வந்ததல்ல அது, நெசவில் பிறந்தது. தோய்க்கத் தோய்க்கத் துணி இன்னும் மெதுவாகும். 2004 சுனாமி அடித்த கரை மருதமுனை. ஆனாலும் தறிகள் இன்றும் ஓடுகின்றன.

அடுத்த முறை மருதமுனையில் இறங்குங்கள். விலையை மட்டும் அடித்துப் பேசாதீர்கள்.