பஸ் எங்கே நிற்கும், வீடு எங்கே நிற்கும்?

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில்தான் பேசுவார்கள். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நல்லூர், கொக்குவில் பக்கம் இரண்டு மூன்று பரப்பு வளவுக்குள் வீடு, கிணறு, நாலு தென்னை, ஒரு மாமரம், சுற்றிவர மதில். தமிழ்நாட்டுக் கும்பகோணத்தின் பழைய தெருக்களிலோ ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். முகப்பு ஒடுக்கம், திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று வீடு பின்னோக்கி நீளும்.

பஸ் லாபமாக ஓட, தரிப்பிடத்துக்கு ஐந்து நிமிட நடைக்குள் ஆட்கள் வேண்டும். கும்பகோணத்து டவுன் பஸ்ஸுக்கு அந்தக் கூட்டம் உண்டு. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸோ பெருவீதியோடு நின்றுவிடும். ஒழுங்கைக்குள் இருப்பவரைச் சைக்கிள்தான் கரைசேர்த்தது. போர்க்கால எரிபொருள் தடையிலும், 2022 பெற்றோல் வரிசையிலும் அதுதான் கைகொடுத்தது. வரிசை கலைந்ததும் மறந்துவிட்டோம்.

அப்படியென்றால் யாழ்ப்பாணத்திலும் நெருக்கிக் கட்டினால் என்ன? கிணறு விடாது. வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே காலங்காலமாகக் குடிநீர். நகருக்குப் பாதாளச் சாக்கடையும் இல்லை. வளவைத் துண்டாக்கிப் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக எழுதும்போது அக்காவின் மலக்குழி தங்கச்சியின் கிணற்றை நெருங்கிவிடுகிறது. கிணறுகளில் நைட்ரேட் கூடியதற்கு பயிருக்குப் போட்ட உரத்தோடு இந்தக் குழிகளும் காரணம். மாடிவீட்டுத் திட்டம் பேசுகிறவர்கள் இதை ஏனோ கடைசியில்தான் பேசுகிறார்கள்.

கும்பகோணத்துக்கு இந்தச் சாக்கு இல்லை. கையிலிருக்கும் நெருக்கத்தைத் தானே கைவிடுகிறது. நகர விளிம்பில் வயல்கள் மனைகளாகி, ஏதோ ஒரு 'நகர்' என்று பலகை ஏறுகிறது. பஸ் எட்டாத இடம். குடியேறுகிறவர் முதலில் வாங்குவது டூவீலர். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் இரு மடங்கு தளப்பரப்பு தருகின்றன. அதற்கு மேல் கேட்டால் சாலை அகலத்தைப் பார்க்கிறார்கள், பஸ்ஸைப் பார்ப்பதில்லை.

என் கட்சி இதுதான்: யாழ்ப்பாணத்தில் பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி போன்ற பஸ் ஓடும் வீதிகளில் முதலில் கழிவுநீர்க் குழாய் வரட்டும், மாடி பிறகு எழும்பட்டும். அதுவரை வீதியோரத்தில் சைக்கிளுக்கு இடம் விடுங்கள். கும்பகோணத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம், பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டரில் என்று அதிகாரிகள் கேட்கவேண்டும்.