ஒரு முறை பூசினால் போதுமா?

வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காப்பதற்கென விற்கப்படும் பூச்சுகளை ‘சன்ஸ்கிரீன்’ என்பர். இவற்றுள் ஒரு வகை பிரிட்டனில் தனிச் சிறப்புடன் விளம்பரம் பெற்று வந்தது. காலையில் ஒரு முறை பூசினால் போதும். ஆறு, எட்டு, ஏன், பத்து மணி நேரம் வரை கூட மீண்டும் பூச வேண்டியதில்லை என்பதே அச்சிறப்பு. குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்லும் பெற்றோருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஆனால், இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? இயற்பியலின் துணையுடன் இதனைச் சற்று ஆராய்வோம்.

எண் கூறுவது என்ன?

புட்டியின் மீது 15, 30, 50 என ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ‘எஸ்.பி.எஃப்.’ எனப்படும் இதனைக் காப்பு எண் என்று கூறலாம். வெறும் தோல் சிவப்பதற்கு ஒரு பங்கு கதிர்வீச்சு போதுமெனில், காப்பு எண் 30 உள்ள பூச்சிட்ட தோல் சிவப்பதற்கு முப்பது பங்கு வேண்டும். அதாவது, தோலைச் சிவக்கச் செய்யும் கதிர்களில் முப்பதில் ஒரு பங்கே, 3.3 விழுக்காடே, பூச்சினூடே செல்கிறது.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்த எண் கடிகாரத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. அது கதிர்வீச்சின் அளவை ஒப்பிடுகிறது, நேரத்தை அன்று. காலை எட்டு மணியின் ஒரு மணி நேர வெயிலும் நண்பகலின் ஒரு மணி நேர வெயிலும் சமமாகா.

இரண்டாவது, சோதனைக்கூடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் சீராகப் பூசி, உலரவிட்டு அளந்த எண் இது. வளர்ந்த ஒருவரின் உடற்பரப்பு ஏறத்தாழ 17,000 சதுர சென்டிமீட்டர். இந்தக் கணக்குப்படி உடல் முழுவதும் பூச 34 கிராம் தேவை. 200 கிராம் புட்டி ஆறு தடவை கூட வராது! மக்கள் நடைமுறையில் பூசுவது இதில் பாதியோ, அதனினும் குறைவோ என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, புட்டியில் உள்ள 30 பெரும்பாலும் தோலின் மீது 30 ஆக இருப்பதில்லை.

ஒழுகும் கூரையின் கணக்கு

இனி, நாள் முழுவதும் நிலைக்கும் என்ற கூற்றுக்கு வருவோம். பூச்சு தோலின் மீது ஒரு மெல்லிய படலமாகப் படிந்துள்ளது. வியர்வை வழிகிறது, துண்டால் துடைக்கிறோம், சட்டை உரசுகிறது, மணலில் படுத்துப் புரளுகிறோம். பத்தில் ஒரு பங்கு பரப்பிலிருந்து படலம் அகன்றுவிட்டது எனக் கொள்வோம். காப்பும் பத்தில் ஒரு பங்குதானே குறையும், 30 என்பது 27 ஆகும், அவ்வளவுதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்.

எஞ்சிய 90 விழுக்காடு பரப்பின் வழியே செல்லும் கதிர்கள், 90-இல் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 3. வெறுமையான 10 விழுக்காடு பரப்பில் விழும் 10-உம் தடையின்றி உள்ளே செல்லும். மொத்தம் 13. நூறில் 13 உள்ளே செல்கிறதென்றால் காப்பு எண் 100-ஐ 13-ஆல் வகுக்கக் கிடைப்பது. அதாவது ஏறக்குறைய 7.7!

ஓட்டுக் கூரையில் பத்தில் ஒரு ஓடு இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும் மழை முழுவதும் அந்த இடைவெளிகளின் வழியாகவே வருகிறதன்றோ? மற்ற ஓடுகள் எவ்வளவு உறுதியானவை என்பது பெரிதன்று. 30-க்குப் பதிலாக 50 எண்ணுள்ள பூச்சை எடுத்துக்கொண்டாலும், இதே இடைவெளியால் காப்பு எண் 8.5 அளவுக்கு இறங்கிவிடும். அதுவும் சராசரிக் கணக்குதான். வெறுமையான இடத்துத் தோல் முழு வெயிலையும் தாங்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் பூசுவதன் பயனும் இதிலிருந்து விளங்கும். முதற் பூச்சில் பத்தில் ஒரு பங்கு விடுபட்டது. இரண்டாம் பூச்சிலும் அவ்வாறே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்தில் ஒரு பங்கு விடுபடுகிறது என்போம். இரண்டிலும் ஒருசேர விடுபடுவது நூறில் ஒரு பங்குதான். எனவே, மறுபூச்சு என்பது பழையது ‘காலாவதி’ ஆனதால் மட்டும் இடப்படுவதன்று; இடைவெளிகளை அடைப்பதற்காகவும் இடப்படுவது.

சோதனை காட்டியது

2016-இல் பிரிட்டனின் ‘விச்?’ என்னும் நுகர்வோர் அமைப்பு, ஒரு முறை பூசினால் போதும் என்ற வகையைச் சேர்ந்த நான்கு பூச்சுகளைச் சோதித்தது. ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் காப்பு சராசரியாக 74 விழுக்காடு குறைந்திருந்தது. 30 எண்ணுள்ள பூச்சு 8 எண்ணுள்ளதாகிவிட்டது என்பது இதன் பொருள். தயாரிப்பாளர்கள் இம்முடிவை ஏற்கவில்லை; தம் பொருள்கள் உரிய சோதனைகளில் தேறியவையே என்றனர். ஆனால், நம் எளிய கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த 8 வியப்பளிக்காது. படலம் பெருமளவில் அழியாமலே கூட இவ்வளவு சரிவு ஏற்படலாம்.

தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிசின் போன்ற பாலிமர்களைச் சேர்த்துப் படலத்தைத் தோலோடு நன்கு ஒட்டச் செய்திருக்கிறார்கள். வெயில் பட்டுச் சிதையும் ‘அவோபென்சோன்’ போன்ற வேதிப்பொருளை, ‘ஆக்டோகிரிலீன்’ சேர்த்து நிலைப்படுத்தியிருக்கிறார்கள். இவை மெய்யான முன்னேற்றங்களே. வீட்டுக்குள்ளோ அலுவலகத்திலோ அமர்ந்திருப்பவருக்குக் காலைப் பூச்சு பெரிதும் எஞ்சியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், அவருக்கு வெயிலே குறைவு. வெயிலில் ஓடியாடி நீந்துபவருக்கன்றோ காப்பு தேவை!

‘நீரில் கரையாதது’ என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய முறைப்படி 40 நிமிடம் நீரில் இருந்த பின் காப்பில் பாதி எஞ்சினாலே நீரைத் தாங்கும் பூச்சு எனக் கூறிக்கொள்ளலாம். அச்சோதனை தொட்டி நீரில் நடப்பது; துண்டால் துடைப்பது அதில் சேராது.

இதனால்தான், மீண்டும் பூச வேண்டியதே இல்லை என்று பொருள்படும் வாசகங்களைப் பயன்படுத்தலாகாது என ஐரோப்பிய ஆணையம் 2006-இலேயே பரிந்துரைத்தது. அது கட்டளையன்று, பரிந்துரையே. பத்தாண்டுக்குப் பின்னும் ‘விச்?’ அமைப்பு சோதிப்பதற்கு அத்தகைய பூச்சுகள் கடைகளில் இருந்தன! அமெரிக்கா 2011-இல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லையே விலக்கி, 40 நிமிடமா, 80 நிமிடமா என்பதை அச்சிட வேண்டுமென விதித்தது. கவர்ச்சிச் சொல்லைவிட அளந்த எண்ணே நேர்மையானது.

பூச்சா, நம்பிக்கையா?

இது வெறும் வணிகச் சச்சரவன்று. பிரெஞ்சு, சுவிஸ் இளைஞர்கள் 87 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. சிலருக்கு 10 எண்ணுள்ள பூச்சும் சிலருக்கு 30 எண்ணுள்ளதும், எது எதுவென்று கூறாமல் தரப்பட்டன. 30 பெற்றவர்கள் விடுமுறையில் சுமார் 25 விழுக்காடு கூடுதல் நேரம் வெயிலில் கழித்தனர். தோல் சிவக்கவில்லையே என்ற துணிவு அவர்களை வெயிலிலேயே நிறுத்திவிட்டது. நாள் முழுதும் காப்பு என்ற வாக்குறுதி இந்தத் துணிவை மேலும் வளர்க்குமேயன்றிக் குறைக்காது.

அதற்காகப் பூச்சே பயனற்றது என்று முடிவு கட்டுவதும் தவறு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நாம்போர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஆய்வு நடந்தது. நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. அவர்கள் பூசியதன் காப்பு எண் வெறும் 16! ஆனால், மிகுதியாக வியர்த்தாலோ, குளித்தாலோ, நெடுநேரம் வெயிலில் இருந்தாலோ மீண்டும் பூச வேண்டும் என்று அவர்களுக்குக் கூறப்பட்டிருந்தது. அவர்கள் வெண்ணிறத் தோலினர். அந்த அளவுகளைக் கருநிறத் தோலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. எனினும், பூசும் பழக்கத்தைப் பற்றிய பாடம் பொதுவானது.

ஒரு முறை பூசினால் போதும் என்பது, வியர்க்காமல், நனையாமல், துடைக்காமல் நிழலில் இருப்பவருக்குப் பொருந்தலாம். வெயிலில் இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கொரு முறையும், நீந்தித் துடைத்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். நண்பகலில் நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் துணை நிற்கட்டும். சட்டை வியர்வையில் வழிந்து போய்விடுவதில்லை.