முதுகுன்றத்து இரு நாயகியரும் கிழத்தி என்னும் சொல்லும்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியைக் கடலூர்–சேலம் சாலை குறுக்கிடும் இடத்தில் உள்ளது வேப்பூர். அங்குநின்று கிழக்கே திரும்பிச் செல்வார் விருத்தாசலம் அடைவர். பீங்கான் தொழிலால் இக்காலத்துப் பெயர்பெற்ற அவ்வூரே மூவர் பாடல் பெற்ற திருமுதுகுன்றம். குன்றம் எனப் பெயர் தாங்கிய ஊரில் ஓங்கிய குன்று யாதும் காணப்படாமை முதன்முறை செல்வார்க்கு வியப்பளிக்கும். பிற மலைகட்கெல்லாம் முன்னர் இறைவனே மலையாய் நின்று, பின் நிலத்துள் அழுந்தினன் எனத் தலபுராண மரபு அதற்கு விடை கூறும். 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழனின் தாயாராகிய செம்பியன் மாதேவியார் இக்கோயிலைக் கற்றளியாக்கினார். கோபுர வாயில்களில் அமைந்த நாட்டியக் கரணச் சிற்பங்கள் தனியே ஆராயத்தக்கன. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது கல்லைப் பற்றியதன்று. ஒரு சொல்லைப் பற்றியது.

இத்திருக்கோயிலில் அம்மைக்கு இரு சந்நிதிகள் உள. பெரியநாயகி எனவும் விருத்தாம்பிகை எனவும் வழங்கப்பெறுவாள் ஒருத்தி. இளையநாயகி, பாலாம்பிகை எனப்பெறுவாள் மற்றொருத்தி. யாம் சென்றிருந்தபோது இளையநாயகி சந்நிதியின்முன் நின்ற அன்பர் ஒருவர் இவ்விரண்டற்கும் காரணம் கூறினார். திருவண்ணாமலையிலிருந்து தில்லைக்குச் சென்ற குருநமசிவாயர் இவ்வூரில் தங்கிய இரவில், பசி தாங்காது, அம்மையைக் ‘கிழவி’ என விளித்துச் சோறு கேட்டுப் பாடினாராம். கிழவி சோறு சுமந்து வருதல் யாங்ஙனம் என அம்மை சினந்தனளாம். அவர் இளமை தோன்றப் பாடலை மாற்றிப் பாட, இளம்பெண்ணாய் வந்து சோறளித்தனளாம். கேட்டார் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் வழிநெடுக அந்நகை எம்மை உறுத்திற்று. புலவர் ஒருவர் தாயினும் இனிய தெய்வத்தை இகழ்ந்து பாடிப் பின் அஞ்சித் திருத்தினார் என்றன்றோ அக்கதை நிற்கின்றது?

குருநமசிவாயர் பெயரால் வழங்கும் முதல் வெண்பாவிற் பயில்வது ‘கிழத்தி’ என்னும் சொல். அச்சொல் அடுக்கி வருமிடங்களை நோக்குக. அம்மை சிவபெருமானின் இடப்பாகத்திற்குரியாள், மலைக்குரியாள் என்றாங்கு ஒவ்வொன்றும் உரிமைப்பொருளே தருகின்றது. மூப்புப் பொருள் கொள்ளின் அத்தொடர்கள் பொருளற்று வீழும். தொல்காப்பியர் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே வழங்கினார். ‘கிழவி’ என்பதும் அவர்க்குத் தலைவியே. ஆறாம் வேற்றுமைப் பொருளைக் கிழமை என்பது இலக்கண மரபு. அரிசில்கிழார், கோவூர்கிழார் என்பார் முதியோர் அல்லர், அவ்வவ்வூர்க்கு உரியோர். ஆகவே புலவர் இகழ்ந்தாரல்லர். அம்மையின் உரிமைகளை எடுத்தோதி, அவ்வுரிமையாலேயே சோறு கேட்டார் என்க.

அங்ஙனமாயின் அம்மை பிழைபடக் கேட்டனளோ எனின், அன்று. சொல் இருபொருள் படுதலின், புலவர் கருதாத பொருளை வேண்டுமென்றே பற்றி விளையாடினள் என்பதே கதையின் சுவை. இரண்டாம் வெண்பாவும் இதனை வலியுறுத்தும். அதன்கண் அச்சொல்லை அறவே விலக்கிய புலவர், இளமையைப் பாடி, வேண்டுகோளை மட்டும் மாற்றாது முடிக்கின்றார். ‘கிழத்தி’யைக் ‘கிழவி’யாக்கிக் கூறுங்கால் இவ்விளையாட்டு முழுதும் கெட்டு, வசையும் அச்சமுமே எஞ்சுகின்றன. பாட்டை விடுத்துக் கதையை மட்டும் சொல்லி வந்ததன் விளைவு இது.

இக்கதை இவ்வூரில் வேரூன்றியதற்கும் ஏது உண்டு. பெரியநாயகி என்பதில் ‘பெரிய’ மூப்பினைக் குறிப்பதன்று, மாட்சியைக் குறிப்பது. தஞ்சைப் பெருங்கோயிலிலும் அம்மை பெயர் பெரியநாயகியே. ஆங்கு அது பிரகந்நாயகி என மொழிபெயர்ந்தது, பெருமைப்பொருள் பிழைத்தது. ஈண்டோ விருத்தாம்பிகை ஆயிற்று. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனமையின், ஊர்ப்பெயரின் அடை அம்மையின் பெயரையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது என யாம் கருதுகின்றோம். ‘விருத்த’ என்பதற்கு வடமொழியில் வளர்ந்த என்னும் பொருளும் உண்டு என மறுப்பாருளராகலாம். உண்மையே, எனினும் தமிழ்ச்செவிக்கு அது மூப்பாகவே கேட்கும். அம்மையைப் பெயரளவில் மூதாட்டியாக்கிய ஊரில், கிழத்தி என்னும் சொல்லும் அவ்வழியே செல்லுதல் எளிதாயிற்று.

இவ்வாறு கூறுதலால் இளையநாயகி சந்நிதியின் சிறப்புக் குன்றுமென அஞ்சுவார் வேண்டா. பசித்த புலவனிடம் சொல்லாடி மகிழும் தாய், சினந்து திருத்தும் தாயினும் அணுக்கமானவள் அல்லளோ? சந்நிதியிற் கதை கூறுவார் அவ்விரு வெண்பாக்களையும் முதலிற் பாடிப் பின்னர்க் கூறுவராயின் நன்று. உரிமைப்பொருளும் உலகவழக்கில் இறந்துபட்டிலது. வெள்ளிக்கிழமைதோறும் பெரியநாயகியை வணங்க வரும் மகளிர் அந்நாளைக் குறிக்கும்போதெல்லாம் அதனையே சொல்கின்றனர்.