தங்கவயல்: ஒரு பெயரும் அதன் மொழிபெயர்ப்பும்

கருநாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில், தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் அண்மையில் அமைந்த ஒரு சுரங்க நகரம் மூன்று வகையாகப் பெயர் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் அது 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்'. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த கன்னடத் திரைப்படங்களுக்குப்பின் 'கே.ஜி.எஃப்.' என்னும் சுருக்கம் நாடெங்கும் அறிமுகமாயிற்று. கன்னடத்தில் 'சின்னத கணி', அதாவது பொற்சுரங்கம். தமிழில் 'தங்கவயல்'. இவற்றுள் தமிழ்ப் பெயர் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் நேர்ந்த பிழை எனத் தோன்றக்கூடும். அத்தோற்றம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதும், அந்நகரின் வரலாற்றைத் தமிழில் தருவோர்க்கு அப்பெயர் உணர்த்துவது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

'ஃபீல்டு' என்பது பல பொருள் ஒரு சொல். உழுநிலம், போர் நிகழுமிடம், அறிவுப்பிரிவு, விசை பரவும் வெளி, கனிமம் செறிந்த நிலப்பரப்பு ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் அவ்வொரு சொல்லால் குறிக்கிறது. தமிழோ இவற்றை வயல், களம், துறை, புலம் எனப் பிரித்து வழங்குகிறது. கனிமப் பரப்பு என்னும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய இடங்களில் பொன் தேடிச் சென்றோரிடையே பெருக வழங்கியது. நியூசிலாந்தில் படைப்பணி புரிந்து வந்த மைக்கேல் லவேல் என்பவரே 1873இல் கோலார்ப் பகுதியில் சுரங்கம் தோண்டும் உரிமையைக் கோரினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குக் கால்கொண்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. காலப்போக்கில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது.

அகராதி நோக்கில் பார்த்தால் 'வயல்' இங்குப் பொருந்தாது. தமிழ் மரபில் வயல் மருத நிலத்திற்குரியது. நீரும் நெல்லும் அச்சொல்லோடு பிரியாது நிற்பவை. கோலாரோ ஏரிகளையும் மழையையும் நம்பிய வறண்ட மேட்டுநிலம். கனிமப் பரப்பு என்னும் பொருளே கருத்தெனின் 'பொற்புலம்' என்றோ 'தங்கக்களம்' என்றோ ஆக்கியிருத்தல் கூடும். எனினும் அவ்வாக்கங்கள் எழவில்லை; 'வயல்' நிலைபெற்றது. இதற்குரிய விளக்கத்தைச் சொல்லிலன்றிச் சொல்லை வழங்கியோர் வாழ்விலேயே தேடவேண்டும்.

சுரங்கத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பிறர் நிலத்தில் உழைத்துக் கூலி பெற்றதே அவர்கள் விட்டுவந்த வாழ்க்கை. அவர்களுக்கு வயல் என்பது நெல் விளையுமிடம் மட்டுமன்று. விளைச்சல் ஒருவர்க்கும் உழைப்பு மற்றொருவர்க்கும் உரியதாகும் இடமுமாகும். பொன் விளைந்த இடத்திலும் இவ்வுறவு மாறவில்லை. எனவே, ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளைத் தவறவிட்ட இப்பெயர், ஆங்கிலத்தில் இல்லாத வேறொரு பொருளைப் பெற்றுக்கொண்டது எனலாம்.

இதற்கு நேர்மாறானது 'கூலி' என்னும் சொல்லின் நிலை. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள. தமிழில் கூலி என்பது உழைப்பிற்குப் பெறும் ஈடு, உழைப்பவர் கூலியாள். ஆங்கில ஆவணங்களிலோ அச்சொல் ஆளையே குறிக்கிறது. அவ்வாவணங்களைப் பெயர்ப்பவர் 'கூலிகள்' என்று எழுதுவாராயின், ஊதியத்தின் பெயரே மனிதரின் பெயராகிவிடுகிறது. ஒலி தமிழாயிருப்பதனால் இம்மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. 'வயல்' பிழைபோல் தோன்றிப் பொருள் தருகிறது. 'கூலிகள்' சரிபோல் தோன்றிப் பொருளைத் திரிக்கிறது. 'சாம்பியன் ரீஃப்' என்பதிலுள்ள 'ரீஃப்' பொன் பொதிந்த கற்படிவத்தைக் குறிப்பது. அதனைக் கடற்பாறை எனப் பெயர்த்தால் படிப்பவர் உடனே ஐயுறுவர். 'கூலிகள்' அத்தகைய ஐயத்தை எழுப்பாமையே அதன் இடர்.

இவ்வேறுபாடு வரலாற்றெழுத்தில் விளைவுகளை உடையது. நிறுவனத்தின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட மைசூர்த் தொழிலாளர் பற்றிய ஆய்வு, இந்நகரின் உழைப்பையும் பண்பாட்டையும் அரசியலையும் ஒருங்கே நோக்கிய சிறந்த நூல். அதுவும் ஆங்கிலத்திலேயே உள்ளது. ஆனால் தங்கவயல் எழுத்தற்ற ஊரன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியிருந்தது. 1914இல் அவர் மறைந்தபின், 1920களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையாரின் பொறுப்பில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அவருடைய நூல்களும் அங்கு அச்சேறின. சுரங்கத் தொழிலாளர் தம்மையும் தம் உழைப்பையும் எச்சொற்களால் குறித்தனர் என்பதற்கு இத்தகைய வெளியீடுகளே முதன்மைச் சான்றுகள். ஆங்கில நூலைத் தமிழாக்குவோர் கலைச்சொற்களைப் புதிதாக ஆக்குவதற்குமுன் இவற்றை நாடுதல் இன்றியமையாதது.

1956இல் அரசுடைமையான சுரங்கம், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின்கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. வேலை இழந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர் மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். சயனைடு கலந்த கழிவுமண் மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆயினும் ஊர் அழியவில்லை. தமிழ் வழக்கில் 'தங்கச் சுரங்கம்' தொழிலையும் 'தங்கவயல்' அத்தொழிலால் எழுந்த ஊரையும் குறிப்பதால், இந்நிலையை விளக்கத் தமிழுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை: சுரங்கம் மூடப்பட்டது, வயலில் மக்கள் வாழ்கின்றனர். துல்லியம் கருதித் 'தங்கவயல்' என்பதைச் 'சுரங்கப் பகுதி' எனத் திருத்தும் மொழிபெயர்ப்பு, 2001ஆம் ஆண்டோடு அந்நகரின் வரலாற்றையும் முடித்துவிடும். ஆதலின் அப்பெயரை அவ்வாறே காத்தலும், 'கூலிகள்' என்பதனைத் 'தொழிலாளர்' என்றோ 'கூலியாட்கள்' என்றோ இடம் நோக்கி மாற்றுதலும் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.