பிறப்பும் வினையும்: ‘ஸ்கைரிம்’ கணினி ஆட்டத்தின் பாத்திரக்கட்டும் தமிழாக்கச் சிக்கல்களும்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு ஆய்வுகள் இதுகாறும் கவிதை, புதினம், நாடகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளையே பெரிதும் நோக்கி வந்துள்ளன. கணினி ஆட்டங்களின் பனுவல் அவ்வாய்வுகளின் எல்லைக்குள் அரிதாகவே இடம்பெற்றுள்ளது. பெரியதோர் ஆட்டத்தின் உரையாடல்கள், பொருட்பெயர்கள், குறிப்புகள், ஆட்டத்தினுள் படிக்கக் கிடைக்கும் நூல்கள் ஆகியன பல புதினங்களுக்கு நிகரான அளவின. அன்றியும், அப்பனுவல் படிப்பவரின் தெரிவுக்கேற்பத் தன் போக்கை மாற்றிக்கொள்வது. ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் இனம், திறன், படைக்கலம் முதலியவற்றைத் தெரிந்து ஒன்றாகப் பொருத்தும் முறையை இக்கட்டுரை ‘பாத்திரக்கட்டு’ எனக் குறிக்கிறது.

பெதஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’ ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் இது ஐந்தாவது. பிரெஞ்சு, செருமன், உருசியம், சப்பானியம் முதலிய மொழிகளில் வெளிவந்த இவ்வாட்டம் இந்திய மொழி எதிலும் அலுவல்முறையில் வெளிவரவில்லை. தமிழாக்கம் ஒன்று மேற்கொள்ளப்படின் எழும் சிக்கல்கள் யாவை, அவற்றுக்கு மும்பைத் தமிழர் வழக்கு தரும் ஒளி யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பயிலும் இளைஞர் பலர். தமிழைக் கேட்டறிந்து, எழுத்தில் மிகுதியாகக் காணாத இவர்களைப் போன்றோரே இத்தகைய தமிழாக்கத்தின் முதன்மைப் பயனாளர் ஆவர்.

2. ‘கட்டு’ என்னும் சொல்

ஆங்கில மூலச்சொல் கட்டடம் எழுப்புதலையும் உடலமைப்பையும் ஒருங்கே சுட்டுவது. ‘உடற்கட்டு’ என்பது தசைவலிமையை மட்டும் குறிக்கும். ‘பாத்திரப் படைப்பு’ திறனாய்வில் ஆசிரியனின் செயலைக் குறித்து நிலைபெற்றுவிட்டது; இங்கோ அமைப்பவர் ஆட்டக்காரர். தெருக்கூத்தில் ‘வேடம் கட்டுதல்’ என்னும் வழக்கு உண்டு. கூத்தர் முடி, தோளணி, மார்புப்பதக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டி அரசராகவோ வீரராகவோ உருப்பெறுவர். உறுப்புகளைத் தெரிந்து பிணைத்து முழுமை காணும் செயல் இரண்டற்கும் பொது. எனினும் ‘வேடம்’ பொய்த்தோற்றம் என்னும் பொருளையும் உடன் கொணரும். ஆதலின் வினையை மட்டும் ஏற்று, ‘பாத்திரக்கட்டு’ எனல் பொருந்தும்.

3. பிறப்பிலிருந்து வினைக்கு

இவ்வரிசையின் மூன்றாவது ஆட்டமான ‘மாரோவிண்ட்’ 2002இல் வெளிவந்தது. அதில் ஆட்டக்காரர் தொடக்கத்திலேயே 10 இனங்களுள் ஒன்றையும், 13 பிறப்புக்குறிகளுள் ஒன்றையும், 21 ஆயத்தத் தொழில்வகைகளுள் ஒன்றையோ தாமே வகுத்துக்கொண்ட ஒன்றையோ தெரிய வேண்டும். 8 அடிப்படைப் பண்புகளும் 27 திறன்களும் அதில் இருந்தன. ஸ்கைரிமில் தொழில்வகை முற்றாக நீக்கப்பட்டது. பண்புகள் உயிர்வலி, மந்திரவலி, உடலூக்கம் என 3 ஆயின. திறன்கள் 18 ஆயின. வாள் வீசுபவர்க்கு வாள்திறன் வளரும். பூட்டுத் திறப்பவர்க்கு அத்திறன் வளரும். பிறப்புக்குறிகள் 13 நடுகற்களாக மாறி நாடெங்கும் நிற்கின்றன. ஒரு கல்லைத் தொட்டுப் பெற்ற பயனை மற்றொரு கல்லைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இம்மாற்றத்தைத் தமிழ்ச் சிந்தனை மரபின் சொற்களால் விளக்குதல் எளிது. பிறந்தபோதே விதிக்கப்பட்ட குறி ஊழ். செயலால் வளரும் திறன் ஆள்வினை. திருக்குறள் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை வற்புறுத்திப் பின் 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையை அதற்கு எதிர்நிறுத்துகிறது. ஸ்கைரிம் முன்னதை விடுத்துப் பின்னதைத் தழுவியது. ஆயினும் இவ்விடுதலைக்கு ஒரு விலையுண்டு. முதற்றெரிவு எதனையும் பெரிதாகக் கட்டுப்படுத்தாமையின், பலவாறு தொடங்கும் பாத்திரங்கள் ஈற்றில் ஒரே வடிவை எய்துதல் ஆட்டக்காரரிடையே பரவலாக அறியப்பட்ட செய்தி. மந்திரவாதியாகவோ மல்லனாகவோ தொடங்கியவரும் மறைந்து நின்று அம்பெய்பவராக முடிவர். காணப்படாமல் எய்யும் அம்பு இருமடங்கும், உரிய பேறு பெற்றபின் மும்மடங்கும் ஊறு விளைக்கும். எதிரி நெருங்குமுன்னரே போர் முடியும். அமைப்பு எதற்கு மிகுபயன் தருகிறதோ அதுவே பாத்திரத்தின் இயல்பாகிவிடுகிறது.

தமிழ்ப் படிப்பாளிக்கு இது வெறும் கணக்கன்று. வாலியை மறைந்து நின்று எய்தது அறமா என்னும் வினாவைக் கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலம் விரிவாக எழுப்புகிறது. பட்டிமன்றங்கள் இன்றும் அதனை வழக்காடுகின்றன. ஸ்கைரிமில் அவ்வினா எழுவதில்லை. அத்திறனைப் ‘பதுங்கல்’ என்று பெயர்த்தால் புலியின் பாய்ச்சல் நினைவுக்கு வரும்; ‘மறைவு’ என்றால் வாலி நினைவுக்கு வருவான்; ‘களவு’ என்றால் திருட்டும் அகத்திணையும் ஒருங்கே தோன்றும். மூலத்தில் அறச்சார்பற்று நிற்கும் சொல் தமிழில் அவ்வாறு நிற்க இயலாமையின், நடுநிலைக்கு அண்மைய ‘பதுங்கல்’ ஏற்புடையது.

4. செருகலும் வழிநூலும்

2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெதஸ்டா தன் ஆக்கக்கருவியை ஆட்டக்காரர்க்கு வழங்கியது. அதன்பின் ‘மாட்’ என வழங்கும் செருகல்கள் பெருகின. சுவடிப் பதிப்பில் இடைச்செருகல் குற்றம்; ஈண்டு அது வெளிப்படையாகச் செய்யப்படும் ஆக்கம். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பகுக்கிறது. மாரோவிண்டின் திறன்களைச் சுருக்கிய ஸ்கைரிம் தொகுத்தல் எனின், 400க்கும் மேற்பட்ட புதிய பேறுகளைச் சேர்க்கும் ‘ஆர்டினேட்டர்’ என்னும் செருகல் விரித்தல் ஆகும். ‘ரெக்குயம்’ என்னும் செருகலோ அளவை மட்டுமன்றி விளைவையும் மாற்றுகிறது. மூல ஆட்டத்தில் எதிரிகள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் படிநிலைக்கேற்ப வளர்வர். ரெக்குயம் அவ்வொத்திசைவை நீக்குகிறது. தன் வலியும் மாற்றான் வலியும் எடைபோடாது புகுபவர் மாள்வர். வலியறிதல் என்னும் அதிகாரத்தின் கருத்து ஆட்டவிதியாகவே அமைந்துவிடுகிறது. பாத்திரக்கட்டின் தெரிவு பொருளுடையதாவது இத்தகைய செருகலால்தான் எனல் மிகையன்று.

இரு செருகல்கள் ஒரே கூற்றை மாற்றின், பின்னர் ஏற்றப்பட்டதே வெல்லும். விதிகள் முரணுமிடத்துப் பிந்தியது வலிதாம் என்னும் பாணினியின் 1.4.2ஆம் நூற்பாவை மொழியியலார் இங்கு நினைவுகூரலாம். மொழிபெயர்ப்பாளர்க்கு இதன் நடைமுறைப் பயன் பெரிது. தமிழாக்கமும் நான்காம் வகை வழிநூலாய், ஒரு செருகலாகவே வரும். அதன்பின் ஏற்றப்படும் வேறொரு செருகல் அதன் தொடர்களை ஆங்கிலத்திற்கே திருப்பிவிடக்கூடும். ஆதலின் மூல ஆட்டத்தை மட்டும் பெயர்த்தல் போதாது; பெருவழக்கான செருகல்களுக்கும் ஒரே சொற்பட்டியலைக் கொண்டு தமிழாக்கம் வேண்டும்.

5. திறன்பெயர்கள்

18 திறன்களும் போர், மந்திரம், மறைவு என மும்மூன்றாக அன்றி அறுவாறாகப் பகுக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு நிகரன்கள் ஆயத்தமாக உள. பேச்சுத்திறனுக்குச் ‘சொல்வன்மை’ நேரானது. பைத்திருட்டுக்கு ‘முடிச்சவிழ்த்தல்’ என்னும் பழஞ்சொல்லும் ‘ஜேப்படி’ என்னும் செய்தித்தாள் வழக்கும் உண்டு. பின்னது மும்பைப் படிப்பாளிக்கு உடனே விளங்கும்.

இடர் தருவன நேரானவை போல் தோன்றுவனவே. மருந்தும் நஞ்சும் கூட்டும் திறனை அகராதி காட்டும் ‘இரசவாதம்’ என்று பெயர்த்தல் பிழை. இரசவாதம் தமிழில் தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் சித்தர் கலை. வேரும் பூவும் சிறகும் கூட்டிச் செய்யும் இத்திறனுக்கு ‘மருந்துக்கூட்டு’ என்பதே பொருந்தும். மற்றொன்று, ‘மாயை’ என்று எளிதில் பெயர்க்கப்படக்கூடிய மந்திரப்பிரிவு. அதன் தொழிலோ பொய்த்தோற்றம் காட்டுவதைவிட, அஞ்சச்செய்தல், தம்முள் பொரச்செய்தல், அமைதிப்படுத்தல் என மனத்தை ஆட்கொள்வதே. தமிழ் மந்திரநூல் மரபின் அட்டகருமங்களுள் வசியம், உச்சாடனம், வித்துவேடணம் ஆகியன இதற்கு மிக நெருங்கியவை. வேறொரு பிரிவில் அடங்கும் முடக்கும் மந்திரம் ‘தம்பனம்’ ஆகும். மூலம் ஒரு பெயரால் சுட்டுவதைத் தமிழ் எட்டாகப் பகுத்து வைத்திருக்கும் இடம் இது. பிரிவுப்பெயரை ‘மனவசியம்’ எனக் கொண்டு, தனி மந்திரங்களுக்கு அட்டகருமப் பெயர்களை வழங்கலாம்.

பேறு என இங்குச் சுட்டப்படுவதற்குச் ‘சலுகை’, ‘வரம்’ என்பன தோன்றக்கூடும். சலுகை பிறர் இரங்கித் தருவது. வரம் தெய்வம் தருவது. பயிற்சியால் தகுதி எய்தி, படிநிலை உயருந்தோறும் ஒன்றாகப் பெறுவதனை ‘பேறு’ எனலே தகும்.

6. இலக்கணச் சிக்கல்கள்

சில பணித்தொடர்களில் இடப்பெயர்க்கு வெற்றிடம் விடப்பட்டு, ஆட்டத்தின் போக்கில் அது நிரப்பப்படும். ஆங்கிலத்தில் பெயர் மாறுவதில்லை. தமிழில் குகை ‘குகையின்’ ஆகும்; காடு ‘காட்டின்’ ஆகும்; குளம் ‘குளத்தின்’ ஆகும். வெற்றிடத்தின்பின் உருபை ஒட்டினால் ‘காடுஇன்’ என்னும் பிழைவடிவே திரையில் தோன்றும். ‘இன்ன பெயர் என்னும் இடத்தின் தலைவனைக் கொல்க’ எனப் பொதுச்சொல் ஒன்றின்மேல் உருபை ஏற்றுதல் இதற்குத் தீர்வு.

இதனினும் ஆழமானது முன்னிலைச் சிக்கல். காவலர் ஆட்டக்காரரின் வளர்ந்த திறனைக் கண்டு பேசுவர். ஊர்த்தலைவர் அவர்க்குப் பட்டமளிப்பார். ஆங்கில முன்னிலை ஒன்றே. தமிழில் பட்டம் பெற்றவரைக் காவலர் ‘நீ’ என்றால் அவமதிப்பு; அடையாளமற்ற கைதியை ‘நீங்கள்’ என்றால் நகைப்பு. மூலத்தில் இல்லாத மதிப்பு என்னும் ஓர் அளவையை மொழிபெயர்ப்பாளர் பாத்திரக்கட்டில் சேர்க்க வேண்டியவராகிறார்.

மும்பைத் தமிழ் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. தாராவித் தமிழருள் பலர் திருநெல்வேலிச் சீமையினின்று குடிபெயர்ந்தோர் வழியினர். நெல்லை வழக்கில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் இடையில் ‘நீரு’ என்பது வாழ்கிறது. இந்தியின் மூவகை முன்னிலையைத் தெருவில் கேட்டு வளர்பவர்க்கு இந்நடுப்படி எளிதில் விளங்கும். நெல்லைப் பேச்சில் அது பெரிதும் ஆடவர்க்கிடையே வழங்குவதாயினும், இலக்கிய வழக்கில் ‘நீர்’ இருபாற்கும் உரியது. ஒரே தொடர் இருநிலைக்கும் வருமிடங்களில் ‘நீர்’ கொள்ளலாம். நிபந்தனையிட்டுத் தொடரை இரண்டாக்க இயலுமிடங்களில் ‘நீ’யும் ‘நீங்கள்’உம் பிரித்தாளலாம்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் அத்தகையதே. வீரர் குழு ஒன்றில் சேருமுன் அதன் உறுப்பினர் ‘நாங்கள்’ என்பர். சேர்ந்தபின் ‘நாம்’ என்பர். ஆங்கிலத்தில் புலப்படாத இவ்வரவேற்பைத் தமிழ் ஒரு சொல்லால் நிகழ்த்தும். மராத்தியும் குசராத்தியும் இவ்வேறுபாட்டை உடையன. ஆதலின் இந்தியில் அஃது இல்லையாயினும் மும்பைச் சூழலில் அது மங்கிப்போவதில்லை.

7. இனமா, குலமா?

பாத்திரக்கட்டின் முதற்றெரிவு இனம். ஆட்டத்தின் விண்டெல்ம் நகரில் கருநிற எல்ஃப் மக்கள் தனிச்சேரியில் வாழ்கின்றனர். பல்லியுரு மாந்தர் மதிற்புறத்தே துறைமுகத்தில் தங்குகின்றனர். பூனையுரு வணிகர் நகர்வாயிலுக்கு வெளியே கூடாரமிடுகின்றனர். ஆயின் அவ்வினத்தைத் தெரிந்த ஆட்டக்காரர் தடையின்றி நகருள் நுழைகிறார். இனத்தெரிவின் பயன் தொடக்கத் திறனில் ஒன்றுக்கு 10, ஐந்துக்கு ஐவைந்து புள்ளிகளும் தனியாற்றல்களும் சில உரையாடல் மாற்றங்களுமே. ஒதுக்குதலைக் கதையாகக் காட்டி விதியாக நீக்கிய இம்முரண் ஸ்கைரிமின் பெருங்குறை. பிறர் இட்ட பெயரால் அறியப்படுதல் எத்தகையது என்பதை, எவ்வூரினராயினும் ‘மதராசி’ என ஒரே பெயரால் சுட்டப்பட்ட மும்பைத் தமிழர் நன்கறிவர். 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் அப்பெயர் நிறமூட்டப்பட்ட அடையாளமாயிற்று. அதனைத் தாங்கியவர்க்கு வாயில் தானே திறக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இங்கு மிகுவிழிப்புடன் இருத்தல் வேண்டும். ‘குலம்’ என்றோ ‘சாதி’ என்றோ பெயர்த்தல் அயற்கற்பனையைத் தமிழ்ச் சமூகப் படிநிலைக்குள் திணிக்கும். பழைய ஆட்டங்களின் தொழில்வகையை ‘வகுப்பு’ என்றால் சமூகப்பிரிவு என்னும் பொருள் உடன் வரும், தோல் பதனிடும் தொழிலுடன் பிறப்பை இணைத்து நோக்கப்பட்ட மக்கள் வாழும் தாராவியில் ‘தொழிற்குலம்’ என்பது தெரிவாகப் படாது, தளையாகவே படும். கிளைவழக்கும் அவ்வாறே. உயர் எல்ஃப் மக்களுக்கு மாட்டுங்கா, செம்பூர் அக்கிரகாரத் தமிழையும், ஆர்க் மக்களுக்குத் தாராவித் தமிழையும் வழங்கினால் நகைச்சுவை கிட்டலாம். ஆனால் அது சாதியத்தின் மறுபதிப்பாகும். ‘இனம்’, ‘தொழில்’ என்னும் சொற்களே ஏற்றவை. பேச்சு வேறுபாட்டைச் சொல்லாட்சி, தொடர்நீளம், விளி ஆகியவற்றால் மட்டும் காட்டுதல் தகும்.

8. முடிவுரை

பாத்திரக்கட்டு என்பது எண்களின் தெரிவாகத் தோன்றினும், தமிழில் அது பெயர், விளி, மதிப்பு ஆகியவற்றின் தெரிவாக விரிகிறது. ஸ்கைரிம் பிறப்பை நீக்கி வினையை முதன்மைப்படுத்தியது. செருகல்கள் அவ்வினைக்கு விளைவை மீட்டளித்தன. மூலம் நீக்கிய பிறப்பைச் சொல்லின் வழியே மீண்டும் புகுத்தாமை தமிழாக்கத்தின் கடமை. சொற்பட்டியல் வகுப்போர் அகராதியோடு கூத்து, மந்திரநூல், வட்டார வழக்கு ஆகியவற்றையும் சான்றாகக் கொள்வாராயின், மும்பைத் தெருவில் தமிழைக் கேட்டு வளர்ந்த இளைஞர் அதனைத் திரையில் படிக்கவும் கூடும்.